நீங்க இன்னா வேணும்?

கம்பெனியில் ஒருநாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மெஷினுக்குத் திரும்பவிடாமல் எங்கள் லைன் பெண்களையெல்லாம் கேன்டீனிலேயே உட்காரவைத்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் பேச வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, காதோடு ஒட்டிய மைக். வாழ்க்கையில் எல்லோருக்கும் ஒரு நோக்கம் வேண்டும், நோக்கம் இல்லாத மனிதன் ஸ்டியரிங் இல்லாத வண்டி என்றார். வண்டியைப் பற்றி என்னிடம் பேசாதே என்று எழுந்து கத்தலாம் போல இருந்தது. என் ஒரே மகன் வேலை முடிந்து வரும்போது ஹைவேயில் வண்டியோடு லாரிக்கு அடியில் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வாழ்க்கையின் நோக்கத்தைச் சொல்லச் சொன்னார். ஒருத்தி மெத்தை வீடு கட்டணும் என்றாள். இன்னொருத்தி பையனை இன்ஜினியருக்குப் படிக்கவைக்கணும் என்றாள். என் முறை வந்தது.

"அஞ்சரை மணி பஸ்ஸ புடிக்கணும் சார்" என்றேன்.

கேன்டீனே சிரித்தது. அவர் விடவில்லை. "அது இன்னைக்கு நோக்கம் மேடம். வாழ்க்கை நோக்கம்?"

"நாளைக்கும் அதே பஸ்தான் சார்."

கைதட்டினார்கள். எனக்கு அப்படித்தான் வாய். கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தையல் கோணலா, தோலில் கீறலா என்று கண்டுபிடித்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கி வாங்கி, கம்பெனிக்கு வெளியிலும் அதே புத்தியாகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மணப்பெண் முகத்தைப் பார்க்கும் முன் ஜாக்கெட் தையலைத்தான் பார்ப்பேன்.

எனக்குப் பக்கத்தில் என் மருமகள் உட்கார்ந்திருந்தாள். அவள் அதே கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். எழுந்தாள். தாவணி போட்ட பெண் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது போலக் கைகட்டிக்கொண்டு, "எங்க அத்தைய நல்லா பாத்துக்கணும் சார்" என்றாள்.

அதற்கு எனக்கு விழுந்ததைவிடப் பெரிய கைதட்டல். இரண்டு மூன்று பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சென்னைக்காரர்கூட பேச்சை விட்டுவிட்டுத் தட்டினார். நான் தட்டவில்லை. இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண்ணுக்கு வாழ்க்கையின் நோக்கம் நானா?

அன்று மாலை பஸ்ஸில் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஷூவைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். தலையில் பூ இல்லை. என்னுடைய பழைய சாம்பல் நிறப் புடவை. பல்வலி என்று நான் கெட்டியான பண்டமெல்லாம் விட்டிருந்தேன்; அவளும் என்னோடு சேர்ந்து கூழும் ரசமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் கூட இருந்து இருந்து அவளுக்கும் ஐம்பது வயது ஆகிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இது என் கண்ணில் படவில்லையே என்று என்மேல் எரிச்சல் வந்தது.

அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் அவள் அப்பா கூலி வேலை செய்கிறார். அம்மா இல்லை. அப்பாவுக்கு இரண்டாம் குடும்பம் இருக்கிறது. அங்கே இவளுக்கு இடமில்லை. என் மகனோடு ஒன்றரை வருஷம் குடும்பம் நடத்தினாள். பிள்ளை இல்லை. காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் பாட்டுக்கு எழுந்து விளக்குமாறு எடுத்து வீட்டைக் கூட்டினாள். போகிறாயா இருக்கிறாயா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகன் சின்னவனாக இருக்கும்போதே என் வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டார். ஆக, அந்த வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். காலையில் அவளை எழுப்ப வேண்டும், டப்பா கட்ட வேண்டும், முடியைப் பின்னிவிட வேண்டும் என்பதற்காகத்தான் நான் எழுந்தேன். அவள் இல்லையென்றால் நான் படுத்த பாயிலேயே கிடந்திருப்பேன். இதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

இருந்தாலும் கேன்டீனில் அவள் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. செக்கிங்கில் என் எதிரே உட்காரும் பாய் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு ஊரெல்லாம் பழக்கம். ஒரு வாரத்தில் வந்து, "பாகாயத்துல ஒரு பையன் இருக்கான். மெடிக்கல் ஷாப்ல வேலை. உங்க ஜனம்தான். குடி கம்மின்னு சொல்லமாட்டேன், குடியே இல்ல. அம்மா மட்டும்தான். பேசட்டுமா?" என்றாள்.

"பேசு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அன்று முழுக்க எந்த ஷூவிலும் குறை தெரியவில்லை. சூப்பர்வைசர் வந்து, "இன்னாக்கா, எல்லாத்தையும் பாஸ் பண்ணிட்ட?" என்று ஒரு கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்.

மருமகளிடம் சொன்னபோது அவள் சாமான் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் போய்ட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"எனக்கு ஆயிரம் ஜோலி இருக்குதுடி."

"ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவள் கழுவிய சொம்பையே மறுபடியும் கழுவினாள்.

அவளிடம் சொல்ல எனக்கென்று ஒரு ஜோலி வேண்டுமே என்றுதான் ஒரு ஆட்டை வாங்கினேன். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. லீவு போட்டுவிட்டுப் போனேன். எனக்கு ஆட்டு வாடையே ஆகாது. தினமும் ஆட்டுத்தோலில் கைவைப்பவள் உயிரோடு இருக்கும் ஆட்டிடம் நெருங்க முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தை முழுக்கச் சுற்றினேன். கடைசியில் ஒரு கறுப்பு ஆட்டைப் பிடித்தேன். விலாவில் முள்கம்பி கிழித்த தழும்பு. காயம் ஆறி, மேலே முடியும் முளைத்துவிட்டது. ஆனாலும் நாளைக்குத் தோலாகி வந்தால் அந்த இடத்தில் கோடு கட்டாயம் தெரியும், எனக்குத் தெரியாதா. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் வாங்கத் தோன்றியது.

லோடு ஆட்டோவில் அதோடு வந்து இறங்கிய என்னைப் பார்த்து மருமகள் வாசலில் நின்றபடி சிரித்தாள். என் மகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா அத்தை இது?"

"சின்ன வயசுலருந்து ஆடு வளக்கணும்னு எனக்கு ஆசைடி. உன் மாமா விடல. இனிமே யாரு கேக்கறது?"

அன்று முதல் ஆட்டுக்காரியாக வேஷம் கட்டினேன். கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக அதன் கழுத்தைத் தடவுவேன். தடவிவிட்டு அவளுக்குத் தெரியாமல் சோப்பு போட்டுக் கை கழுவுவேன். அது ஒருநாள் கொடியில் காய்ந்த என் புடவையைத் தின்றது. திட்ட வந்த வாயை மூடிக்கொண்டு, "பசி போல, பாவம்" என்றேன். இதன் குட்டிகளுக்குக் குட்டி பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கொஞ்ச நாளில் அவள் பாகாயத்துக்காரரைப் பார்க்கச் சம்மதித்தாள்.

பையன் தங்கமான பையன். எல்லாம் தெரிந்துதான் கேட்டான். அவன் அம்மாவும் நல்ல மனுஷிதான். ஆனால் பேசி முடித்த பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க சொந்தத்துல யாருக்கும் இது ரெண்டாவது கல்யாணம்னு சொல்லல. பொண்ண நாளைக்கு யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது பாருங்க. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நான் இன்னாத்துக்குத் தப்பா எடுத்துக்கறேன்?" என்றேன். நியாயமான பேச்சுதானே. அந்த ஊர் வாய்க்கு நானா பூட்டுப் போட முடியும்?

மலைமேல் ஒரு முருகன் கோவிலில் தாலி கட்டினார்கள். அவள் அப்பா வந்து நின்று தாரை வார்த்தார். நான் கடைசியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மேளம் கொட்டியபோது நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் எதெதற்கு வார் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டுக்குத் தழை வைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிப் படியிறங்கிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்தினம், தன் பெட்டியைக் கட்டி முடித்த பிறகு அவள் சொன்னாள்: "அத்தை, ஆட்ட வித்துடுங்க."

"ஏன்டி?"

"உங்களுக்குப் புடிக்காதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். சோப்பு எவ்ளோ சீக்கிரம் கரையுது!"

"தெரிஞ்சேதான் சம்மதிச்சியா?"

"இவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பொய் சொல்றீங்களே, அத நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அவள் போன அடுத்த வெள்ளிக்கிழமையே அந்த ஆட்டைச் சந்தையில் விற்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு என்ன இருக்கிறது சொல்ல? பஸ் வந்தது, ஏறினேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவளுடையது. அவள் போன பிறகும் பெண்கள் அதில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள். மரியாதையாம். "யாராவது வந்து உக்காருங்கடி, சாவு வீடா இது?" என்று ஒருநாள் கத்தினேன். அதற்குப் பிறகு ஒரு புதுப் பெண் பயந்துகொண்டே உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் போன் செய்வாள். பாதிப் பேச்சில், "பக்கத்துல ஆளுங்க இருக்காங்க" என்று குரலைத் தாழ்த்துவாள். நானும் வைத்துவிடுவேன். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னபோதும் அப்படித்தான் பாதியில் வைத்தோம். பாகாயம் பக்கம் நான் போகவே இல்லை. போனால் யார் என்று கேட்பார்களே.

குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை என்று மாப்பிள்ளை போன் செய்தார். "ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்க, உங்களையே கேக்கறா" என்றார். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. பூண்டுக் குழம்பு வைத்து, சோறு வடித்து, கேரியரில் எடுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, அவளைச் சேர்த்திருந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். அது ஒரு சின்ன இடம். வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க இன்னா வேணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்மா. பாத்துட்டு உடனே போய்டறேன்."

"அதில்லம்மா. பேஷண்டுக்கு நீங்க இன்னா வேணும்? சொந்தக்காரங்கள மட்டும்தான் விடுவோம்."

உறவுக்கும் தேவைக்கும் ஒரே சொல்லை வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அங்கேயே நிற்கவைத்துக் கேட்டிருப்பேன். நான் அவளுக்கு என்ன வேணும்? மாமியார் என்று சொல்ல முடியாது. மாமியார் உள்ளே இருக்கிறார். அம்மா என்று சொல்ல முடியாது. அவளுக்கு அம்மா இல்லை என்பது அவர்கள் சொந்தத்துக்கெல்லாம் தெரியும். கேரியரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து அந்த அம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள விடும்மா, தெரிஞ்சவங்கதான்" என்றார்.

உள்ளே மாப்பிள்ளையின் பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் தெரிஞ்சவங்க என்று புரிந்தது. "ஆம்பூர்ல கம்பெனில ஒண்ணா வேலை செஞ்சவங்க" என்று அந்த அம்மா என்னை அறிமுகப்படுத்தினார். அதில் பொய் ஒன்றுமில்லை. தலையாட்டினேன். குழந்தை துணிச்சுருளுக்குள் மூக்கு மட்டும் தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தாயும் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. காதில் புதுத் தோடு. கால்மாட்டில் உட்கார்ந்து அவளை அணு அணுவாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். தூக்கம் முழுதாகக் கலையவில்லை. நேராகப் பார்க்காமலே, "அத்தை, சாப்ட்டீங்களா?" என்றாள்.

"ம், சாப்ட்டேன்" என்றேன். அதே நேரத்தில் அந்த அம்மாவும், "ம், சாப்ட்டேன்" என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இன்னாது, உங்களையும் அத்தைன்றா?"

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மருமகளுக்குத் தூக்கம் பறந்துவிட்டது. அவள் எழுந்து உட்கார முயன்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உண்மையைத்தான் சொல்லப் போகிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பெரியம்மா காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடும். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க லைன்ல சின்னப் பொண்ணுங்க எல்லாமே என்ன அத்தைன்னுதான் கூப்புடுங்க. எனக்குப் புள்ளகுட்டி கெடையாது பாருங்க, அதனால எல்லாம் பாசமா அப்படிக் கூப்டு பழகிப்போச்சு."

"அய்யோ பாவமே, புள்ளைங்களே இல்லையா?"

"இல்லைங்க."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது அந்தப் பொய். பெரியம்மா ச்சு கொட்டிவிட்டு, தற்செயலாகச் செய்வது போலத் துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினார். பிள்ளையில்லாதவள் கண் படக்கூடாது என்று. எனக்குப் புரிந்தது. அந்த அம்மாவுக்கும் புரிந்தது. அவர் எழுந்து வந்து, குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். கட்டிலில் இருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இன்னும் இருந்தால் நான் கட்டிய பொய்யை நானே அவிழ்த்துவிடுவேன் என்று பயம் வந்தது. குழம்பில் காரம் கம்மிதான், சூடு பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, "வர்றேன்" என்று கிளம்பினேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல காரியம் செய்தோம், பிள்ளையின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுதான் நான் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் போல, இதற்காகத்தான் ஆண்டவன் என்னை மிச்சம் வைத்திருக்கிறான் போல என்றுகூடத் தோன்றியது. டிரைவர் ஏறி வண்டியை எடுத்தார். ஊர் தாண்டி ஹைவே வந்தது. அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. ஒண்ணுகூட இல்லைங்க. அவனைப் பத்து மாதம் சுமந்த வயிற்றை வைத்துக்கொண்டு, அவனை வளர்த்த கையில் இன்னொருவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, அப்படி ஒருத்தன் பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இனி மாப்பிள்ளை வீட்டுக் கணக்கில் அவன் எந்தக் காலத்திலும் இருந்தவன் இல்லை. லாரி அவன் உடம்பை மட்டும்தான் கொண்டுபோனது. மற்றதை நான் துடைத்துவிட்டேன். நாளைக்கே மறுபடியும் கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன் என்பதுதான் தாங்க முடியவில்லை.

வாய்விட்டு அழுதுவிட்டேன். அவன் காரியத்தன்றுகூட நான் இப்படி அழுததில்லை. பக்கத்தில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் பதறிப்போய் என் தோளைத் தொட்டாள்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"என் புள்ள செத்துப்போய்ட்டான்மா."

"அய்யோ கடவுளே! எப்பம்மா?"

"இன்னிக்குதான்" என்றேன்.